நிறைந்தே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்: மாற்றுத்திறன் பிள்ளைகள் பள்ளியில் அடிபடாமல் இருக்க

ஓர் அம்மா கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். மகன் ஆறாம் வகுப்பு. செரிபரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் தசைகள் சரியாகக் கட்டுக்குள் வராத குறைபாடு. காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும், வார் வைத்த கருவி) போட்டு, வாக்கர் பிடித்து நடப்பான். பேச்சு கொஞ்சம் குழறும். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இரண்டு முறை யாரோ காலிப்பர் வாரை அறுத்துவிட்டார்கள். தோளில் கன்றிய தடம். கேட்டால் அழுகிறான், வாய் திறப்பதில்லை. எழுத நேரமானால் ஓர் ஆசிரியர் ஸ்கேலால் கையில் அடிக்கிறார் என்று கூடப் படிக்கும் பையன் சொன்னான். வகுப்பாசிரியர் "பசங்க விளையாட்டும்மா" என்கிறார். கணவர் டி.சி. வாங்கிவிடலாம் என்கிறார். போலீசுக்குப் போவதா, பள்ளியை மாற்றுவதா, இனி நடக்காமல் எப்படித் தடுப்பது? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: தண்ணீர் பாட்டில் தினமும் அப்படியே நிறைந்து திரும்பி வருகிறது, உடம்பு சூடாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் பையன் வாயால் சொல்லாததை அந்தப் பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் சிறப்பாசிரியர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளுக்கு முறைவைத்துப் போய்வருகிற வேலை, இருபது வருடத்துக்கு மேலாக. நிறைந்து திரும்பும் பாட்டிலை நிறையப் பார்த்திருக்கிறேன். நடக்கக் கஷ்டப்படும் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது பாத்ரூம் போகாமல் இருக்கப் பார்க்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, தரை வழுக்குகிறது என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் காலிப்பர் வாரும் அறுந்து, தோளும் கன்றியிருக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது கழிப்பறையைத்தான். பத்து நிமிட இடைவேளை, பெரிய வகுப்புப் பையன்கள் கூட்டம், ஆசிரியர் யாரும் எட்டிப் பார்க்காத இடம், இரண்டு கையும் வாக்கரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பையன். அங்கே என்ன நடக்கிறது என்று அவனிடம் இப்போதே நோண்ட வேண்டாம். எப்படிக் கேட்பது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நடுநிலைப் பள்ளி, நான்காம் வகுப்பு. இரண்டு காதிலும் மெஷின். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, திமிர் ஏறிவிட்டது என்று டீச்சர் புகார் சொன்னார். அதே வாரம் அவளுடைய அம்மா என்னிடம் வேறு விஷயமாகப் புலம்பினார். "ஒரு செட் பேட்டரி பத்து நாள் வரும் மேடம், இப்போ மூணு நாளைக்கு ஒருக்கா வாங்கறேன், மெஷின் ரிப்பேரா?" மெஷினைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம் இரண்டு நாள் அந்தப் பள்ளியிலேயே இருந்து பார்த்தேன். சத்துணவு வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பேர், மெஷினின் சின்ன மூடியை நகத்தால் நெம்பி, பட்டன் பேட்டரியைத் தட்டிவிடுவார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் குனிந்து தேடுவாள். சிரிப்பார்கள். சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் மதியம் முழுக்க அவளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்காததால் டீச்சரிடம் குட்டு வாங்குவாள்.

அவளுக்குச் சைகையில் "பேட்டரி இல்லை" என்று சொல்லத் தெரியும். "பிடுங்கினார்கள்" என்று சொல்லத் தெரியாது. அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானும் கற்றுக்கொடுக்கவில்லை. நிறம், பழம், விலங்கு, கிழமை எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தேன். அடித்தான், தள்ளினான், பிடுங்கினான், பயமாக இருக்கிறது, வேண்டாம் என்பவை என் பாடத்திட்டத்தில் இல்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

இந்தப் பதிலில் நான் சொல்ல வந்ததும் அதுதான். அடிக்கிறவர்கள் திருப்பி அடிக்க முடியாத பிள்ளையைத் தேடிப் போகிறார்கள் என்று நினைக்கிறோம். அதைவிட, போய்ச் சொல்ல முடியாத பிள்ளையை, சொன்னாலும் யாரும் நம்பாத பிள்ளையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கண் தெரியாதவனிடம் "யார்னு பார்த்தியா?" என்று கேட்டுவிடலாம். பேச்சு குழறுகிறவன் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை சொன்னால் "அதுக்கு ஒண்ணும் தெரியாது, எதையாவது சொல்லும்" என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறோம். அடிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆகவே தடுப்பதற்கான முதல் வேலை, உங்கள் பையன் சொல்வது ஒருவர் காதிலாவது விழுந்து, அவர் அதற்கு ஏதாவது செய்கிற ஒரு வழியைப் போட்டுக்கொடுப்பது. சட்டம், குழு, கேமரா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 2012ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 17 ஆய்வுகளில் இருந்த 18 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உடல் குறைபாடோ மனக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள். அறிவுசார் அல்லது மனநலக் குறைபாடு உள்ளவர்களிடம் பாலியல் வன்முறை மட்டும் 4.6 மடங்கு. அந்த ஆய்வுகள் எல்லாம் வசதியான நாடுகளில் நடந்தவை. பிறகு 2022ல் 25 நாடுகளைச் சேர்ந்த 1.6 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வில், குறைபாடுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று வந்தது. "பசங்க விளையாட்டு" என்று உங்கள் பள்ளியில் யாராவது மறுபடி சொன்னால், மூன்றில் ஒரு பிள்ளைக்கு நடப்பதை அப்படிச் சொல்லித் தள்ளக் கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, பள்ளியில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உங்கள் பையனின் ஒரு நாளை எழுதுங்கள். ஆட்டோவில் ஏறுவதிலிருந்து வீட்டுக்கு வருவது வரை. எந்தெந்த நிமிடத்தில் அவன் பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை என்று கோடு போடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது நான்கைந்து இடத்தில்தான் வரும். காலையில் சீக்கிரம் கொண்டுவந்து விட்டு, பிரேயர் மணி அடிக்கும்வரை. இடைவேளை. சாப்பாட்டு வரிசை. மாலையில் ஆட்டோ வரும்வரை. அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று, பி.இ.டி. பீரியட். எல்லோரும் மைதானத்துக்குப் போவார்கள், "நீ கிளாஸ்லயே உக்காந்துக்கோ" என்று இவனைத் தனியாக விட்டுவிடுவார்கள். அன்பாகச் செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நாற்பது நிமிடம் ஆளில்லாத வகுப்பறையில் ஒரு பிள்ளை. யாராவது உள்ளே வந்தால் கேட்பாரில்லை. போதாததற்கு, அந்த நேரத்தில் யாருடைய பேனா காணாமல் போனாலும் பழி இவன் மேல் விழும். பி.இ.டி. சாரிடம் பேசி மைதானத்தில் அவனுக்கு ஒரு வேலை வாங்கிக்கொடுங்கள். ஸ்கோர் எழுதட்டும், விசில் ஊதட்டும், உட்கார்ந்தபடி பந்து எறியட்டும். கூட்டத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற பிள்ளையைத் தொட யோசிப்பார்கள்.

கழிப்பறைக்கு என் யோசனை எளிது. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனை அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். இது சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ன் 16வது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளியும் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஐந்து நிமிடமும் சுவரில் ஒரு இரும்புக் கம்பியும் அந்த ஏற்பாட்டில் அடக்கம்.

துணைக்கு ஒரு பையனைப் போடுவார்கள். அதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வகுப்பில் பலசாலியான, பெரிய பையனாகப் பார்த்து "இவனைப் பார்த்துக்கோ" என்று ஒப்படைத்துவிடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். அந்த ஒரே பையனின் தயவில் இவன் வருடம் முழுக்க இருக்க வேண்டிவரும். அவனுக்குக் கோபம் வந்த நாளில் வாக்கர் மேஜைக்கு மேலே ஏறிவிடும். நான் பார்த்த சில சம்பவங்களில் அடித்ததே அந்தத் துணைப் பையன்தான். அவனும் சின்னப் பிள்ளை, தினமும் ஒருவனைத் தாங்கும் சுமை அவனுக்கும் அதிகம். மூன்று நான்கு பேர் முறைபோட்டுச் செய்யட்டும். உங்கள் பையனிடம் கேட்டு, அவனுக்குப் பிடித்தவர்களைப் போடுங்கள். கழிப்பறைக்குள் உதவி தேவைப்பட்டால் அது பெரியவர் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகளிடம் விடவே கூடாது.

மற்ற பிள்ளைகளிடம் பேசுவது பற்றி. "பாவம் அவன், அடிக்காதீங்க" என்று பிரேயரில் சொல்வதால் ஒரு பயனும் இல்லை, அன்று மாலையே அவனைக் கேலி செய்ய இன்னொரு சொல் கிடைத்ததாகிவிடும். அந்தக் காது மெஷின் சிறுமியின் வகுப்பில் நாங்கள் செய்தது இது. மெஷினைச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கும், ஸ்டெத்தஸ்கோப் மாதிரியான குழாயை எல்லாப் பிள்ளைகள் காதிலும் மாட்டி, அவளுக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்க வைத்தோம். பிறகு பேட்டரியைக் கழற்றினோம். அந்த நிசப்தத்தை ஒவ்வொருவரும் கேட்டார்கள். தட்டிவிட்ட இருவரில் ஒருவன் குழாயைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவர்களை நாங்கள் அடிக்கவில்லை, வகுப்பில் நிறுத்தவில்லை. பேட்டரிக்கான செலவை அவர்கள் வீடுகளில் பேசி வாங்கினோம். சாப்பாட்டு வரிசையில் ஒரு டீச்சர் நிற்க ஆரம்பித்தார். அவளுக்குக் கற்றுக்கொடுத்த அதே பத்துப் பன்னிரண்டு சைகைகளை வகுப்பு முழுவதுக்கும் கற்றுக்கொடுத்தோம். ஒரு மாதத்தில் அந்த வகுப்பே டீச்சருக்குத் தெரியாமல் சைகையில் அரட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இனி ஸ்கேல் பிடித்த ஆசிரியர்.

செரிபரல் பால்சி உள்ள பிள்ளையின் கை மெதுவாகத்தான் எழுதும். மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை சீராகப் போகாததால் தசை இறுகிக்கொள்கிறது. பயந்தால், பதறினால் இன்னும் இறுகும். அடித்தால் வேகம் கூடாது, இருக்கிற வேகமும் போய்விடும். இதை அந்த ஆசிரியரிடம் யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா என்பது சந்தேகம். டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்கவும் எழுதவும் திணறும் குறைபாடு) உள்ள பிள்ளையை நூறு தடவை இம்போசிஷன் எழுதவைப்பதும், ஆட்டிசம் உள்ள பிள்ளை மணிச்சத்தம் தாங்காமல் வெளியே ஓடினால் பெஞ்சோடு கட்டிவைப்பதும் இதே வகைதான். குறைபாட்டுக்கே தண்டனை கொடுக்கிறோம். இயலாமல் செய்ததை வேண்டுமென்று செய்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

கட்டிவைப்பதைப் பற்றிச் சொன்னேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அது பள்ளி இல்லைதான். ஆனாலும் "அவன் நல்லதுக்குத்தான் கட்டி வெச்சோம்" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வரும்.

ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது நம் பக்கமும் பார்க்க வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சேர்க்கை நாளில் சொல்லிவிட்டு வருகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று பாட்டி சொல்வார். நீங்கள் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் உங்கள் கணவரோ மாமனாரோ சொல்லியிருந்தால் நேரில் போய் அதைத் திரும்பப் பெற வேண்டும். "எங்கள் பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்க வேண்டாம், எழுத்து வேகம் குறைவதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது" என்று மருத்துவச் சான்றின் நகலை இணைத்துத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பல நேரம் அந்த ஒரு தாளிலேயே ஸ்கேல் கீழே இறங்கிவிடும்.

இறங்காவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009ன் 17வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது, மீறுகிற ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003ல், கல்வி விதிகளில் அடிக்க இடம் கொடுத்த விதி எடுக்கப்பட்டுவிட்டது. இளைஞர் நீதிச் சட்டம், 2015ன் 75வது பிரிவின்படி, தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதே சட்டத்தின் 85வது பிரிவு, மருத்துவர் சான்றளித்த மாற்றுத்திறன் பிள்ளைக்கு அதைச் செய்தால் தண்டனை இரண்டு மடங்கு என்கிறது. இந்த 85ஐ அதிகம் பேருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92வது பிரிவு, பலர் பார்க்க ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும், அவருடைய கை கால்களையோ புலனையோ துணைக்கருவியையோ வேண்டுமென்றே சேதப்படுத்துவதையும், பயன்படுத்த விடாமல் செய்வதையும் குற்றமாக்குகிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 வருடம். காலிப்பர் வார், காது மெஷின் பேட்டரி, வெள்ளைக்கோல் எல்லாம் துணைக்கருவிக்குள் வரும். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் "நொண்டி", "மெண்டல்" என்று கூப்பிடுகிற ஆசிரியருக்கும் இந்தப் பிரிவு இருக்கிறது.

இதை எல்லாம் படித்துவிட்டு, வாரை அறுத்த பன்னிரண்டு வயதுப் பையன் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டால், முதல் வேலையாக வேண்டாம் என்பேன். அவனும் பிள்ளை. அவன் செய்ததை அவன் வீட்டுக்குத் தெரிவித்து, புது வாருக்கான செலவை ஏற்கவைத்து, தொடர்ந்து கண்காணித்தால் பெரும்பாலும் மாறுகிறான். போலீஸ் என்றதும் பள்ளி மொத்தமும் உங்கள் பையனுக்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெரியவர் தொடர்ந்து அடிக்கிறார் என்றாலோ, எலும்பு முறிவு, காயம் என்று ஆனாலோ தயங்க வேண்டாம். பாலியல் ரீதியாக எதுவும் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், செய்தவர் யாராக இருந்தாலும் அங்கே யோசிக்கவே இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19வது பிரிவின்படி தெரிந்தவர் எவரும் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 1 வருடம் வரை. "பள்ளி பெயர் கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது.

காவல் நிலையத்தைவிட எளிதாக எட்டக்கூடிய ஒரு கதவும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7வது பிரிவில், வன்முறை நடந்தாலோ நடக்கும் என்று தோன்றினாலோ நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். நம் ஊர்க்கணக்கில் அது கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ. "நடக்கும் என்று தோன்றினால்" என்பதைக் கவனியுங்கள், அடிபட்ட பிறகுதான் போக வேண்டும் என்றில்லை. நீங்கள்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோ, பதிவுபெற்ற அமைப்போ தெரிவிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் ஒரு நகல் கொடுங்கள். சென்னையில் இருக்கும் மாநில ஆணையருக்கும் அனுப்பலாம். உடனே பேச வேண்டும் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417.

டி.சி. பற்றி. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16வது பிரிவு சொல்கிறது. ஆகவே புகார் கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். நீங்களாக வாங்குவது உங்கள் முடிவு. ஆனால் அவசரப்படாதீர்கள். அடுத்த பள்ளியிலும் கழிப்பறை இருக்கும், பி.இ.டி. பீரியட் இருக்கும். இங்கே அவனுக்காகச் சாட்சி சொன்ன ஒரு நண்பன் இருக்கிறான், அவன் அங்கே இருக்க மாட்டான். வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளியில் யாராவது ஆலோசனை சொன்னால், சம்மதிக்காதீர்கள். வீட்டுவழிக் கல்வி வெளியே வரவே முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கானது. அடித்தவர்கள் பள்ளியில் இருக்க, அடிபட்டவன் வீட்டில் இருப்பது எந்த நியாயத்திலும் சேராது.

இப்போது முக்கியமான விஷயம், அவனைச் சொல்லவைப்பது.

இன்று இரவே கேட்காதீர்கள். "யார் அடிச்சா, கார்த்தியா? முகேஷா? பாத்ரூம்லயா?" என்று நாமே பெயரும் இடமும் எடுத்துக்கொடுத்தால், பயந்த பிள்ளை எதற்காவது தலையாட்டிவிடும். அப்புறம் அவன் உண்மை சொன்னாலும் "அம்மா சொல்லிக்கொடுத்தது" என்பார்கள். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில், தனியாக, ஒரே ஒரு முறை கேளுங்கள்: "ஸ்கூல்ல எந்த இடம் உனக்குப் பிடிக்கல?" அவன் வார்த்தையைத் திருத்தாமல், குழறினால் குழறியபடி, அன்றைய தேதி போட்டு எழுதிவையுங்கள். பேச்சு வரவில்லை என்றால் பள்ளியின் படத்தை நீங்களே கோடு கோடாக வரைந்து, வாசல், வகுப்பு, மைதானம், கழிப்பறை எல்லாம் போட்டு, அவன் கையில் சிவப்புக் கலர் கொடுங்கள். பிடிக்காத இடத்தில் அவன் தீட்டட்டும். பல பிள்ளைகள் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தித் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர் ஒவ்வொருவரும் வந்து மறுபடி மறுபடி கேட்க விடாதீர்கள். காயம் இருந்தால் போட்டோ எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். அறுந்த வாரைத் தூக்கிப் போடாதீர்கள்.

அவன் சொல்வது நீதிமன்றத்தில் நிற்குமா என்று யாராவது கேட்டால், நிற்கும். பார்வையில்லாத ஒரு பெண் குரலை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காட்டிய ஆந்திர வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் சாட்சியம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்தது என்று கருதக் கூடாது எனத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போக்சோ வழக்கில் வாக்குமூலம் எழுதும்போது சிறப்பாசிரியரையோ அவன் பேச்சு புரிந்த ஒருவரையோ உடன் வைத்துக்கொள்ளச் சட்டமே வழி செய்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் போன சில பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், பெரியவர் நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்தது. வாக்கர் பிடித்தவனுக்கு எட்டாது. எழுத முடியாதவனுக்குப் பயனில்லை. பார்வையில்லாதவனுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேளுங்கள். பெட்டி இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். பக்கத்தில் படம் போட்ட அட்டைகள் இருக்கட்டும்: அடிக்கிற கை, அழுகிற முகம், கழிப்பறை, ஆட்டோ. தபால் அட்டை அளவில் தடித்த அட்டையில் ஒரு மதிய நேரத்தில் செய்துவிடலாம். அதே அட்டைகளில் ஒரு செட்டை வளையத்தில் கோத்து உங்கள் பையன் பையில் மாட்டுங்கள். பள்ளியில் அவனுக்குப் பிடித்த ஒரு பெரியவர் யார் என்று அவனிடமே கேளுங்கள். அது ஆசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை, சத்துணவு அக்காவாகவோ தூய்மைப் பணியாளராகவோ இருக்கலாம். அவரிடம் "இவன் அட்டை காட்டினால் உடனே எனக்குப் போன் போடுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் சிறப்பாசிரியர்களான நாங்கள் தினமும் வர முடிவதில்லை. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சொன்னது. எங்கள் ஒன்றியத்தில் ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறோம், ஒரு பிள்ளையை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறேன், உங்கள் மனம் வருந்தக் கூடாது. இந்தப் பிள்ளைகளின் உடம்பை எத்தனை பேர் கேட்காமல் தொடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பிசியோ செய்கிறவர் காலை இழுக்கிறார். ஆட்டோக்காரர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார். பாட்டி உடை மாற்றுகிறார். வலிக்கிறது என்றால் "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, உன் நல்லதுக்குத்தான்" என்கிறோம். பத்து வருடம் இப்படி வளர்ந்த பிள்ளைக்கு, யாரோ ஒருவன் கழிப்பறையில் தொடும்போது மட்டும் வேண்டாம் என்று சொல்ல எங்கிருந்து தெரியும்? நாளையிலிருந்து தூக்குவதற்கு முன் "தூக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவன் தலையாட்டும்வரை இரண்டு நொடி காத்திருங்கள். ஒரு நாள் அவன் வேண்டாம் என்பான், பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், எரிச்சல் வரும். அப்போதும் ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். வீட்டில் செல்லுபடியாகும் "வேண்டாம்" தான் வெளியிலும் அவன் வாயில் வரும். அடித்தான், தள்ளினான், பயமாக இருக்கிறது, வா என்ற சொற்களையும் அவனுக்கு வருகிற விதத்தில், பேச்சோ சைகையோ அட்டையோ, தினம் பத்து நிமிடம் சொல்லிப் பழக்குங்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: ஐந்து நிமிடம் முன்னால் கழிப்பறை, பி.இ.டி. பீரியடில் மைதானம், கையில் ஸ்கேல் படக் கூடாது. மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். அப்புறம் பாட்டிலின் வெளிப்பக்கம் மார்க்கரால் நான்கு கோடு போடுங்கள். தினமும் மாலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பள்ளி சொன்னதைச் செய்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.